யோகட் கோப்பையில் ஐஸ் பழம்

பப்பாசி ஒரு பங்கு. நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒரு பங்கு. பால்மா தாராளமாக, சீனி கொஞ்சம். புளிப்புக்குத் தேசிக்காய் வேண்டாம், உப்பும் வேண்டாம். எல்லாவற்றையும் அரைத்து, நார் எதுவும் மிஞ்சாதபடி மெல்லிய துணியில் வடித்து, கழுவி வைத்த யோகட் கோப்பைகளில் ஊற்ற வேண்டும். கோப்பையின் வாயைப் பொலித்தீனால் மூடி, அதில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, யோகட்டோடு கடையில் தரும் தட்டை மரக்கரண்டியை அதன் வழியாகச் செருகினால் கரண்டி சாயாமல் நிற்கும். உறைந்தபின் கோப்பையைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு கணம் முக்கி எடுத்தால் ஐஸ் பழம் முழுதாகக் கழன்று வரும்.

அம்மாவுக்காக நான் செய்தவற்றில் கடைசியாகச் சரிவந்தது இதுதான். அதற்கு முன்னால் பல பழங்கள் தோற்றுப்போயின.

அம்மாவுக்கு வாயில் புற்றுநோய். மலையில் நின்று தேயிலைக் கொழுந்து எடுத்த காலமெல்லாம் கன்னத்தில் வெற்றிலையும் புகையிலையும் இருந்தன. குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை என்பாள். கண்டியில் வாய்க்குக் கதிர் சிகிச்சை கொடுத்து முடித்து, மாசி மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே எல்லாம் வெந்து, உதடு முதல் தொண்டை வரைக்கும் புண். சோறு இறங்கவில்லை. கஞ்சி இறங்கவில்லை. தேநீரை வாயருகே கொண்டுபோனாலே கண்ணில் நீர் வந்தது.

அடுத்த கிளினிக்கில் எடை பார்ப்பார்கள். எடை குறையாமல் இருந்தால் இரத்தத்தில் மருந்து ஏற்றத் தொடங்குவார்கள். குறைந்திருந்தால் மருந்து தள்ளிப்போகும், மூக்கு வழியாகக் குழாய் போடுவார்கள். டாக்டர் இதைச் சொன்னபோது அம்மா குழாய் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள். வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மூக்கில் அதைப் பார்த்திருக்கிறாள். "அது வேணாம் பாப்பா," என்று பஸ்ஸில் வரும்போது ஒரு தடவை சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. குளிர்ந்தது ஏதாவது கொடுத்துப் பாருங்கள், புண் கொஞ்சம் மரத்துப்போகும், அந்த நேரத்தில் விழுங்குவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். தலவாக்கலையிலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில், பழச்சாறும் ஜாமும் செய்யும் ஓர் ஆலையின் ஆய்வுகூடத்தில் வேலை. புளிப்பை அளப்பது, இனிப்பை அளப்பது, போத்தலுக்குள் என்ன வளர்கிறது என்று பார்ப்பது. ஆகவே அம்மாவின் வாயைக் கவலையாகப் பார்ப்பதைவிட ஒரு வேலையாகப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தினேன். புளிப்பு இருக்கக் கூடாது. நார் இருக்கக் கூடாது. சீனி கூடினால் சரியாக உறையாது, குறைந்தால் கல்லாகிப் புண்ணைக் கீறும். சின்ன அளவிலேயே சத்து நிறைய இருக்க வேண்டும்.

மலையில் வெயில் கிடையாது என்று கீழ்நாட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மாசி பங்குனியில் எங்கள் லயத்து வீட்டின் தகரக் கூரைக்குக் கீழே அவர்கள் பகலில் உட்கார்ந்து பார்த்ததில்லை. இரவில் பனி விழுந்து புல் கருகும். பகலில் அதே புல்லில் கால் வைக்க முடியாது. அந்த வருடம் மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரும் நூலாகத்தான் வந்தது. அம்மா வாசல் பக்கத்து இஸ்தோப்பில் பாய் போட்டுச் சுவரில் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடியே இருந்தாள். மூடினால் கன்னம் பல்லில் உரசும்.

முதலில் பேஷன் ஃப்ரூட். வேலியில் காய்த்தது, அம்மாவுக்குப் பிடித்தது. நாக்கில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது என் அவசரம், புளிப்பு என்று தெரிந்தேதான் செய்தேன். அடுத்து மாம்பழம். ஞாயிற்றுக்கிழமை நானே பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தேன். மெதுவாக, உதட்டில் வைத்து வைத்து, முழுவதையும் சாப்பிட்டாள். திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் கோப்பைகளை உறைய வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பகலில் அப்பா கொடுப்பார். அவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கும் அடுப்போடு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் வேலைகளை எல்லாம் அவர்தான் பார்த்தார்.

திங்கட்கிழமை மாலை வந்து கேட்டேன்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"எரிஞ்சுச்சு."

"நேத்து எரியலையே?"

அம்மா கையை விரித்தாள். பேசுவது அவளுக்குச் சிரமம். அப்பாதான் சொன்னார். "பாதிதான் குடிச்சா. வேணாம்னுட்டா."

மாம்பழத்தை விட்டு, பட்டர்ஃப்ரூட்டும் பாலும். அதை விட்டு, வாழைப்பழம் மட்டும். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவாள், வார நாளில் எரியும். எரிவதற்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றை யோசித்தேன். பழம் நாள்பட்டுப் புளிக்கிறதா? மின்சாரம் போய்ப் போய் வருவதால் பாதி உருகி மறுபடி உறைந்து, கூரான பனிக்கட்டி உண்டாகிறதா? சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருக்கும் அக்காவின் மீன் காரணமா? எங்கள் பக்கத்தில் ஃபிரிஜ் இருப்பது எங்களிடம்தான். அக்கா சந்தையில் வாங்கும் மீன் எங்கள் மேல்தட்டில்தான் இருக்கும்.

"அக்கா, உங்க சாளையை இந்த மாசத்துக்கு மட்டும் வேற எங்கயாச்சும் வைக்கிறீங்களா?"

"ஏன், பெரியம்மாவோட ஐஸ் பழத்துல மீன் வாசமா?" என்று அக்கா சிரித்தாள். "அதுவும் சத்துதானே பாப்பா. சரி, எடுத்துருறேன். இன்னைக்கே கொழம்பு வச்சு ஒழிச்சிருறேன்."

மீன் போனது. கோப்பைகளை இரட்டைப் பொலித்தீனால் கட்டினேன். பழத்தை அன்றன்றைக்கு அரைத்தேன். எரிவது போகவில்லை. கடைசியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எதுவும் அவளுக்கு ஒத்துவரவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறாள். எல்லாத் தகவல்களும் அதற்குப் பொருந்தின. அந்த வாரம் அம்மாவின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. பப்பாசியும் வாழைப்பழமும் சேர்த்தது அப்போதுதான். இதற்குமேல் புளிப்பைக் குறைக்க என்னிடம் பழம் இல்லை.

ஆலையில் ஒரு நாள் தண்ணீர் நின்றுவிட்டது. கழுவாமல் எதையும் தொட முடியாது என்று எங்களை மதியத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது அம்மா இஸ்தோப்பில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் அடுப்படியில் அப்பா குந்தியிருந்தார். முன்னால் ஒரு சட்டியில் ஆவி பறக்கும் வெந்நீர். அதற்குள் ஒரு டம்ளர். டம்ளருக்குள் என் ஐஸ் பழம், அரைவாசி கரைந்து நின்றது. மரக்கரண்டியால் மெதுவாகக் கிண்டினார். ஒரு சொட்டை எடுத்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிண்டினார்.

"என்னப்பா பண்றீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. "குளிரு போகட்டும்னு வச்சிருக்கேன்."

"இது ஐஸ் பழம்ப்பா. குளிரா இருக்கணும்னுதான் செய்யிறேன்."

"நீ செய்யிறது சரிம்மா. சத்து பழத்துலதானே இருக்கு? குளிரு எதுக்கு? நெஞ்சுல சளி கட்டிருச்சுன்னா என்ன செய்யிறது?"

"குளிரா குடுக்கச் சொல்லி டாக்டர்தானே சொன்னாரு. நீங்களும் அங்கதானே நின்னீங்க?"

"டாக்டரு கண்டியில இருக்காரு. இங்க ராவுல பனி விழுகுறது அவருக்குத் தெரியுமா?"

"இவ்வளவு நாளும் இப்படித்தான் குடுத்தீங்களா?"

"பின்ன? வெறும் ஐஸ நான் எப்படி அவளுக்குக் குடுப்பேன்?" அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நீ படிச்சிருக்க. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பாத்துக்கிட்டு இருக்கிறது நான்."

முன்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. சொற்கள் தெளிவாக வராத குரல். "விடு பாப்பா."

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆலையில் ஒரு போத்தல் கெட்டுப்போனால் முதலில் எந்த வெப்பநிலையில் வைத்திருந்தார்கள் என்றுதான் கேட்போம். அதை நான் வீட்டில் கேட்கவே இல்லை. உறைந்த பழம் புண்ணை மரக்கவைத்துவிட்டு இறங்கும். அதே பழம் வெதுவெதுப்பாக, சீனித் தண்ணீராக ஒவ்வொரு புண்ணிலும் ஓடினால் எரியாமல் என்ன செய்யும்?

"உங்களுக்குத் தெரியும்தானேம்மா? ஏன் சொல்லல?"

அம்மா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "உங்கக்காவ நெனச்சுக்கிட்டு செய்யிறாரு."

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, நடக்கப் பழகிய வயதில் சளிக்காய்ச்சலில் இறந்துபோனாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும். மிச்சத்தை அம்மா அன்றைக்குச் சொன்னாள். கோயில் தேருக்குப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போன அப்பா ஓர் ஐஸ் பழம் வாங்கியிருக்கிறார். பிள்ளை கை நீட்டியிருக்கிறாள். நக்கக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருமாக அதைச் சாப்பிட்டு முடித்து, சிவந்த நாக்கை அம்மாவிடம் நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கே மழை பிடித்தது. அந்த வாரத்திலேயே காய்ச்சல். அப்பா பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு தோட்டத்து மருந்தகத்துக்கு ஓடினாராம், அங்கிருந்து லொறியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. திரும்பி வந்தபோது கம்பளியை மடித்துக் கையில் வைத்திருந்தாராம்.

சின்ன வயதில் எனக்கு அப்பா ஐஸ் பழம் வாங்கித் தந்ததே இல்லை. தேருக்குப் போனால் கடலைதான். சாக்கடைக் கானுத் தண்ணியில் செய்கிறார்கள் என்று சொல்வார். அதை நம்பி, படிக்கப் போன இடத்திலும் நான் வெகுநாள் ஐஸ் பழம் வாங்கியதில்லை.

"அவருக்குப் பயம்," என்றாள் அம்மா. "எனக்கு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகுது."

குழாய் வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான். இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்திருந்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் பேசினேன். இறந்துபோன அக்காவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கிருமியால் வரும் சளி வேறு, ஐஸ் வேறு என்று சொன்னேன். கிளினிக்குக்கு நாள் நெருங்கிவிட்டது, எடை ஏறவில்லை என்றால் குழாய்தான் என்று சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "என் கையால முடியாதும்மா," என்றார். "நீ குடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆலையில் லீவு போட்டேன். அப்பா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், ஆனால் அவருடைய ஏற்பாடு ஒன்று இருந்தது. ஐஸ் பழம் கோப்பையிலிருந்து வெளியே வருமுன் அம்மாவுக்குக் கம்பளித் தொப்பி, கழுத்துக்குத் துண்டு, மேலே ஸ்வெட்டர், காலுக்குச் சப்பாத்துக்குப் போடும் தடித்த மேஸ். எல்லாவற்றையும் அவரே போட்டுவிட்டு, பீலிக்கரைப் பக்கம் போய்விடுவார். பங்குனி வெயிலில் தகரம் நெளிந்து சத்தம் போடும்போது, அம்மா மார்கழிக்குப் போர்த்தியவள் போல உட்கார்ந்து ஐஸ் பழத்தை உதட்டில் ஒற்றிக்கொண்டிருப்பாள்.

பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்த அடுத்த காம்பரா அக்கா, கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பெரியம்மா, குளிரு பாக்க நூரளை சீசனுக்கு வந்த கொழும்பு நோனா மாதிரியே இருக்கீங்க. குதிரை ஒண்ணுதான் கொறச்சல்."

அம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் உதடு வெடிக்கும், அதனால் தோள் மட்டும் குலுங்கியது. ஐஸ் பழத்தை அக்கா பக்கம் நீட்டினாள், நக்குகிறாயா என்பது போல.

"வேணாம் சாமி. பெரியப்பா கண்டாருன்னா எனக்கும் தொப்பி மாட்டிவிட்டுருவாரு."

அந்த நாட்களில் அம்மா நன்றாகவே சாப்பிட்டாள். காலையில் ஒன்று, பகலில் ஒன்று, சில நாட்களில் மாலையிலும் கேட்டாள். ஐஸ் பழம் வாயை மரக்கவைத்த கையோடு கொஞ்சம் முட்டைக் கஞ்சியும் இறங்கியது. கன்னத்தில் ஏதோ தெளிச்சல் வந்ததாக எனக்குத் தோன்றியது. அளந்து பார்க்க வீட்டில் தராசு இல்லை. அடுத்த காம்பரா அக்காவிடம் அதைச் சொன்னேன். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போய்க் கொக்கியில் தொங்கவிடலாமா என்று அவள் கேட்க, அம்மா மறுபடியும் தோளைக் குலுக்கினாள். நான் அதைக்கூட யோசித்துப் பார்த்தேன் என்பதுதான் உண்மை.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி அம்மாவைத் தராசில் ஏற்றினார். அப்பா ஸ்வெட்டரைக் கழற்ற விடவில்லை. குளிர் என்றார், அங்கே மின்விசிறி கூட ஓடவில்லை. அந்த ஸ்வெட்டரோடு சேர்த்தும் எடை போன தடவையை விடக் குறைவாக இருந்தது. மிஸ்ஸி மறுபடி ஏற்றிப் பார்த்தார். அதே எண். டாக்டர் கோபிக்கவில்லை. இந்த உடம்பு மருந்தைத் தாங்காது, முதலில் தேற்றுவோம், தேறிய பிறகு ஏற்றுவோம் என்றார். குழாயை அன்றைக்கே போட்டார்கள். அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் வெயிலுக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்பா மட்டும் எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, அம்மாவின் காதைத் துண்டால் மூடினார். கினிகத்தேனை தாண்டும் வரைக்கும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உருக்கினாலும் உருக்காவிட்டாலும் பழத்தில் சத்து ஒன்றுதான். ஆனால் உருகியது எரிந்தது, எரிந்ததால் பாதியில் நின்றது. முதலிலிருந்தே உறைந்ததாகக் கொடுத்திருந்தால் அந்தத் தராசில் எண் மாறியிருக்குமா? மாறியிருக்கலாம். நோய் அதையும் மீறித் தின்றிருக்கலாம். ஒன்றை மாற்றாமல் வைத்து இன்னொன்றை மாற்றிப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். அம்மாவை வைத்து அப்படிப் பார்க்க முடியாது. கணக்கை அங்கேயே விட்டேன்.

குழாய் வழியாகக் கொடுக்கும் எதுவும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று மிஸ்ஸி சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா செய்துவந்தது அன்றிலிருந்து சரியான முறையாகிவிட்டது. நான் வடித்து வைக்கும் பழச்சாற்றை அவர் வெந்நீர்ச் சட்டியில் வைத்துக் கிண்டி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, ஊசிக்குழலில் எடுத்து, குழாயில் மெதுவாக ஏற்றினார். என்னைவிட நன்றாகச் செய்தார். அம்மா சில பகல்களில் ஃபிரிஜ் பக்கம் கண்ணைக் காட்டுவாள். நான் ஒரு துண்டு ஐஸ் பழத்தை எடுத்து உதட்டில் தடவுவேன். அப்பா எழுந்து வெளியே போவார்.

ஆனி மழையில் அம்மா போய்விட்டாள். கடைசியில் நெஞ்சில் சளி கட்டியது. விழுங்க முடியாதவர்களுக்கு எச்சில் வழிதவறி நுரையீரலுக்குள் இறங்கும், அதனால் வருவது என்று வார்ட்டில் டாக்டர் சொன்னார். அதை நான் அப்பாவுக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை விளக்கினேன். ஐஸ் காரணமில்லை என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திச் சொன்னேன். "சரிம்மா," என்றார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் குறை சொல்லும் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

கருமாதிக்கு முதல் நாள், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அது ஒண்ணு செய்யிறியா?"

"எதுப்பா?"

"அம்மாவுக்குச் செய்வியே."

பப்பாசி கிடைத்தது. வாழைப்பழம் வீட்டில் தாராளமாக இருந்தது, வந்தவர்கள் கொண்டுவந்தது. அரைத்து, வடித்து, ஒரே ஒரு கோப்பையில் ஊற்றிக் கரண்டியைச் செருகினேன்.

எங்கள் பக்கத்தில் கருமாதியன்று இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் இலையில் படைப்போம். படைத்ததும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். இறந்தவர் வந்து சாப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் விட வேண்டும். அம்மாவின் இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, ரொட்டி இருந்தன. ஓரத்தில் யாரோ வெற்றிலையும் புகையிலையும் வைத்திருந்தார்கள். எடுக்கத்தான் குனிந்தேன். அடுத்த காம்பரா அக்கா என் கையைத் தொட்டாள். "விடு பாப்பா. அவங்களுக்குப் பிடிச்சதுதானே," என்றாள். விட்டுவிட்டேன்.

அப்பா ஃபிரிஜ்ஜைத் திறந்து கோப்பையை எடுத்தார். கழற்றுவதற்காக நான் சட்டியில் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். கத்தியால் கோப்பையை மேலிருந்து கீழாகக் கீறி, தோலை உரிப்பது போல உரித்தார். ஐஸ் பழம் ஒரு மூலை உடையாமல் முழுதாக வந்தது. அதைக் கரண்டியைப் பிடித்துத் தூக்கி, சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். விரல் நுனியை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பெரியப்பா, கரைஞ்சு போயிருமே," என்றாள் அக்கா.

"அதான், கதவச் சாத்துங்க. சீக்கிரம்."

எல்லோரும் இஸ்தோப்பில் நெருக்கிக்கொண்டு நின்றோம். தகரத்தில் மழை. யாராலும் பேச முடியாத சத்தம். அப்பா கதவுக்கு மிகப் பக்கத்தில் நின்றார்.

திறந்தபோது மரக்கரண்டி இலையில் தனியாகக் கிடந்தது. மஞ்சள் நிறத் தண்ணீர் சோற்றுக்கு அடியில் ஓடி, கீரையைச் சுற்றி, வெற்றிலைக் காம்பு வரைக்கும் போய் நின்றிருந்தது. படைத்த இலையை வீட்டில் மூத்தவர் சாப்பிட வேண்டும். அக்கா இலையைச் சாய்த்து அந்தத் தண்ணீரை வடித்துவிடப் போனாள். அப்பா அவளை விலக்கிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சுடுசோறு போடட்டுமா என்று நான் கேட்டேன். அவர் அந்தச் சில்லிட்ட சோற்றைப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.